கரி நின்ன அன்னைக்கு

1

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர்ப் பக்கத்து ஆளுக இதை வாசிப்பீக என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தாலும் சந்தோசம்தான். நான் மூணாம் வகுப்போடு நின்றவள். அதுக்குப் பிறகு எழுத்துப் பழகினதெல்லாம் எங்கள் அச்சாபீசில் கழிவாகக் கிடந்த காலண்டர் தாளில். அதனால் என் எழுத்து பெருசு பெருசாக இருக்கும். ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது ஆகும். ஆகட்டும். இங்கன என்னை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

இன்றைக்குக் காலையில் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டேன். போட்டுவிட்டுப் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன். வீட்டுக்குக் கிழக்கே மின் நிலையத்துப் புகைக்கூண்டு நிற்கிறது. அதில் வரும் வெள்ளைப் புகை கிழக்கே சாய்ந்தால் மழை, துணியை எடுத்து உள்ளே போட்டுவிடலாம் என்பது நானாகக் கண்டுபிடித்த கணக்கு. கூண்டு இருக்கிறது. புகை இல்லை. எனக்கு அது மறந்தே போனது.

"என்ன அத்தை, அங்க பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றாள் மருமகள் மீனா, சன்னலுக்குள்ளிருந்து. அப்புறம் அவளே, "இன்னையோட கரி நின்னு ஒரு வருசம்" என்றாள்.

இது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் பட்டணத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு சின்ன ஊர். மண்ணுக்கடியில் கரி இருக்கிறது என்பதால் உண்டான ஊர். கரி என்றால் கன்னங்கரேல் என்று இருக்காது. நெய்வேலிக் கரி மாதிரி, ஈரச் செம்மண் கட்டி போல இருக்கும். அதைத் தோண்டி, ரப்பர்ப் பட்டையில் ஓடவிட்டு, பக்கத்திலேயே எரித்துக் கரண்டு எடுத்தார்கள். என் மகன் கணேசன் அந்த நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தான். ஊரில் யார் போன் பண்ணினாலும், "எம் மகன்தான் இந்த ஊருக்கே லைட்டுப் போடுறான்" என்று சொல்வேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய் இல்லை.

2

எனக்கும் கரண்டுக்கும் உள்ள பழக்கம் பெரிய பழக்கம். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல முடியாது.

திருத்தங்கலில் எங்களுக்குக் காலண்டர் அச்சாபீஸ். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருசக் காலண்டர் மாதிரியை ஆல்பம் போட்டு விட்டால் சீசன் தொடங்கிவிடும். மார்கழி வரைக்கும் மிசின் நிற்கக் கூடாது. ஆனால் கரண்டு நிற்கும். மிசினுக்குள் தாள் பாதி போய்க்கொண்டு இருக்கும்போது நிற்கும். உருளையில் மை காய்ந்து போகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து முடிக்கவும் திரும்ப வரும். தாள் போட்டால் திரும்பப் போகும். சூரியன் எப்போது உதிக்கிறது என்பதெல்லாம் எங்களுக்குக் கணக்கில்லை. கரண்டு வந்தால் வேலை, போனால் டீ. வந்தவுடனே தெருவே கத்தும். அதில் கூடுதல் சத்தம் எங்கள் கணேசன் சத்தமாகத்தான் இருக்கும்.

அவன் காலேஜில் படிக்கும்போது எங்க வீட்டுக்காரக தவறிப் போனாக. அச்சாபீசை மூடிவிட்டு அச்சங்குளத்துக்கு, என் பிறந்த வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள். நான் போகவில்லை. நானே நடத்தினேன். சரியாகத்தான் நடத்தினேன். என்னிடம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கரண்டுப் படிப்புப் படித்த கணேசனுக்குத் தூத்துக்குடியில் கரி நிலையத்தில் முதல் வேலை. லீவுக்கு வரும்போது சட்டைக் காலரில் கரித்தூள் இருக்கும். அதுக்குப் பிறகு கரண்டு போனால் தாள் மடிக்கிற பிள்ளைகள் என்னைத்தான் பிடித்துக்கொள்ளும்.

"என்ன மொதலாளியம்மா, ஒங்க மகன் அங்கன தூங்கிட்டாரா?"

"போன் போட்டு எழுப்பிவிடுங்க மொதலாளியம்மா, எங்களுக்கும் நேரமாகுதுல்ல?"

நானும் விடமாட்டேன். "அவன் முழிச்சுத்தான் இருக்கான். நீங்க மடிக்கிற லெச்சணத்தைப் பாத்துட்டு அவன்தான் நிப்பாட்டுனான்" என்பேன்.

அங்கனயிருந்து இங்கன வந்தான். கல்யாணம், பிள்ளை எல்லாம் ஆனது. எனக்கு மூட்டு வலி வந்தது. அச்சாபீசை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை என் தம்பி சுந்தரத்திடம் தந்துவிட்டு, நானும் வந்து சேர்ந்தேன்.

3

நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று சொன்ன அன்று கணேசன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா மூடுறாக? கரி தீந்து போச்சா?" என்றேன்.

"கரி கெடக்கும்மா, இன்னும் நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும். வெயில்தான் மூடுது."

எனக்குப் புரியவில்லை. சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு விளக்கமாகச் சொன்னான். இங்கே வீட்டுக்கு வீடு கூரையில் சோலார் தகடு போட்டிருக்கிறார்கள். நடுப்பகலில் அவரவர் வீட்டில் அவரவர் கரண்டு. அந்த நேரத்தில் நிலையத்துக் கரண்டை வாங்க ஆள் இல்லை. எரிக்கிறதைக் குறை, குறை என்று மேலிடத்தில் சொல்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் கேட்கிறது. ஏத்து, ஏத்து என்கிறார்கள்.

"நெனச்சா அமத்த, நெனச்சா பொருத்த இது என்ன கேஸ் அடுப்பாம்மா? ஒரே சீரா எரியிறதுக்குக் கட்டுன பாய்லர். தெனமும் ஏத்தி எறக்குனா குழாய் விட்டுப்போகுது. ஒட்டவைக்கிற செலவுக்கு மூடிரலாம்னுட்டாக. புகையால உலகம் சூடாகுதுங்குறதும் இருக்கு. அதையும் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

வெயிலை வைத்துப் பிழைப்பது என் ஊருக்குப் புதுசா? மழை பெய்யாத பூமி என்றுதானே அங்கே பட்டாசு வந்தது. அச்சங்குளத்தில் எங்க அய்யா, என்னைப் பெத்த அப்பா, நடத்தின பட்டாசு கம்பெனியில், சம்பளம் வாங்காத பெரிய வேலைக்காரன் வெயில்தான். செய்த வெடியைக் களத்தில் பரப்பிவிட்டால் அவன் பார்த்துக்கொள்வான். ஆனால் தீபாவளிக்கு முந்தி ரெண்டு நாள் மேகம் மூடாக்குப் போட்டால் போதும், லோடு போகாது. எங்க அய்யா வானத்தைப் பார்த்தே நடந்து எத்தனை தடவை கல்லில் இடித்துக்கொண்டிருக்கிறார். அதனால் நான் கேட்டேன்:

"மூடாக்குப் போட்டா என்ன பண்ணுவாக?"

கணேசன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அதுதாம்மா கேள்வி. காத்துல கரண்டு எடுக்கிற காத்தாடி இருக்கு. பேட்டரி கட்டுறாக. பத்தாத அன்னைக்கு மிச்சமிருக்கிற கரி நிலையங்க. அதுவும் ஒவ்வொண்ணா நிக்கும்."

பேத்தி கீர்த்தி பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு இதில் வேறு எண்ணம். ஒரு சனிக்கிழமை அட்டையில் பெயிண்டால் என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள். புகைக்கூண்டுப் படம் போட்டு, மேலே சிவப்பில் ஒரு கோடு. கூட்டுக்காரப் பிள்ளைகளோடு அதைத் தூக்கிக்கொண்டு டவுன் ஹால் முன்னால் நின்றாள். ஷிப்ட் முடிந்து அவள் அப்பன் கார் அந்த வழியாகத்தான் வந்திருக்கிறது. அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள்.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அவள்தான் முதலில் பேசினாள். "அப்பா, நான் உங்களைச் சொல்லலை. கரியைத்தான் சொன்னது."

"கரியும் நானும் வேற வேறன்னு இந்த வீட்ல இப்பத்தான் கேக்குறேன்" என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ரெண்டு கிண்ணத்தில் தயிர்ச் சோறு பிசைந்து, ஒன்றை அவனிடம் வைத்துவிட்டு, ஒன்றை அவள் கதவுக்கு உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் பக்கம் சரி என்று என்னைக் கேட்காதீர்கள். ரெண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

4

அந்த நேரத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. கணேசனோடு முந்தி வேலை பார்த்தவர் ஒருத்தர். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் புதுசாக ஒரு கரி நிலையம் ஓட ஆரம்பித்திருக்கிறது, அனுபவப்பட்ட ஆள் வேண்டும், குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், வருகிறாயா என்று.

பேசி முடித்துவிட்டு வந்தவன் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு வெளிச்சம். மீனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னான். கடைசியில், "அம்மாவையும் கூட்டிட்டுப் போயிருவேன். அவுகளும் இங்கன எம்புட்டு நாள்தான் சன்னலைப் பாத்துக்கிட்டு இருப்பாக?" என்றான்.

"நானும் கீர்த்தியும்?"

"அவ படிப்பு முடியட்டும். அப்புறம் பாப்போம்."

மீனா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கத்திப் பேசமாட்டாள். "ஏங்க, அப்புறம் பாப்போம்னு சொல்லிட்டுப் போனவுக யாராவது அப்புறம் பாத்திருக்காகளா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து பேச்சு அப்படியே நின்றது. முடிவு என் மடியில் வந்து விழுந்தது. யாரும் கொண்டுவந்து போடவில்லை, தானாக விழுந்தது. "அம்மா என்ன சொல்றாகளோ அதுதான்" என்று கணேசன் சொல்ல ஆரம்பித்தான். நான் வருகிறேன் என்றால் தூத்துக்குடி. வரவில்லை என்றால் இங்கே.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் போகத்தான் ஆசை. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் கிடையாது. சாப்பாடு, துணிமணி, டாக்டர், எல்லாம் உண்டு. ஆனால் இங்கே நான் கணேசின் மம், கணேசன் அம்மா, அவ்வளவுதான். கடைக்குப் போனால் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குகிறேன். காய் வாடிக் கிடந்தாலும் ஏன் வாடிக் கிடக்கிறது என்று ஒரு சண்டை போட வாய் இல்லை. பத்து மிசின் ஓடின ஆபீசை நடத்தினவள் என்று என் மூஞ்சியைப் பார்த்து இங்கே யாருக்குத் தெரியும்? ஊரில் பஜாரில் இறங்கினால் இன்னும் ஒருத்தி கூப்பிடுவாள், "மொதலாளியம்மா, எப்ப வந்தீக?" என்று. அந்த ஒரு சொல்லுக்காகவே போகலாம்.

எங்க அய்யா பட்டாசு கம்பெனியை இப்போது நடத்துகிற சுந்தரம் வேறு தினம் போன். "அக்கா, மருமகனை யோசிக்காம வரச் சொல்லுங்க. இங்கன காத்தாடியும் சோலாரும் கரிசல் காடு பூராம் நிக்கத்தான் செய்யுது. ஆனா வெளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரி இல்லாட்டா ஒரு கம்பெனி ஓடாது. மருமகனுக்கு இங்கன மவுசு." அடுத்த வாரம்: "வீட்டுக்கு வெள்ளை அடிச்சாச்சு." அதுக்கடுத்த வாரம்: "தண்ணி மோட்டாரை மாத்தியாச்சு. ஒங்க கட்டிலை மாடியில இருந்து கீழ எறக்கியாச்சு, மூட்டுக்கு ஏற முடியாதுல்ல?"

கட்டிலை இறக்கிவிட்டான் என்று கேட்டதும் எனக்கு மனசெல்லாம் அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டது.

5

வேலை போகிறவர்களுக்கு வேற வேலை பழக்க என்று இங்கே ஒரு ஆபீஸ் திறந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் திறந்தார்கள். கணேசன் போனான், துணைக்கு மீனாவும் போனாள். வந்து அவள்தான் சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பையன், மரியாதையான பையன். "உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டிருக்கிறான். கணேசன், "பாய்லர்" என்றிருக்கிறான். "சரி, அப்புறம்?" "டர்பைன்." "சரி, அப்புறம்?" அந்தப் பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'கம்ப்யூட்டர் பார்த்து வேலை செய்வார், ஷிப்டுக்கு நேரத்துக்கு வருவார்' என்று தானாகவே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டானாம்.

"அவரு மூஞ்சியைப் பாக்க முடியல அத்தை" என்றாள் மீனா.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரி. என் வயசு. அவள் புருசன், மாமனார் எல்லாரும் அந்தக் கரிப் பள்ளத்தில் வேலை பார்த்தவர்கள். வேலிப் பக்கம் நின்றாள். என்னிடம் இருக்கிற இங்கிலீசை எல்லாம் பொறுக்கி எடுத்து, "கோல் பினிஷ். சன் சேட்" என்றேன், கரி முடிந்துபோச்சு, மகனுக்கு வருத்தம் என்று. வேலிக்கு மேலே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவு விழுந்த துட்டி வீட்டில் பிடிப்போமே, அப்படி. இந்த ஊரில் யாரோடும் நான் இவ்வளவு நன்றாகப் பேசினதில்லை.

6

கடைசி நாளுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். கீர்த்தி வருவாளோ மாட்டாளோ என்று நினைத்தேன். காரில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்தாள்.

நான் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டேன். மகன் வேலை பார்த்த இடத்துக்கு முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் போகிறேன், பின்னே எப்படிப் போவது?

கேட்டில் இறங்கினேன். மதில், எச்சரிக்கைப் பலகை, வாசலில் மண் நிரப்பின சிவப்பு வாளி எல்லாம் பார்த்தேன். என் கால் தானாக நின்றது. செருப்பைக் கழற்றி மதிலோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சரளைக் கல்லில் நடந்தேன். கதவுகிட்டப் போனதும் நிலையில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிசம் நின்றேன்.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசு கம்பெனிக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. செருப்பில் ஒட்டின ஒரு பொடிக்கல் உரசினால் போதும், வெடிமருந்து தீப்பிடித்துக்கொள்ளும். வாசலில் செம்புத் தகடு அடித்திருக்கும். அதில் கையை வைத்து உடம்பில் உள்ள கரண்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகணும். நடக்கப் பழகின வயசிலிருந்து எங்க அய்யா கம்பெனியில் நான் அப்படித்தான் போனேன்.

"நோ! நோ! நோ!" என்று கத்திக்கொண்டு ஒரு பொம்பளை ஓடி வந்தாள். ஹெலன் என்று பேர், பாதுகாப்புப் பார்க்கிறவள். கையில் பெரிய பெரிய பூட்ஸ். என் காலைப் பார்த்து அவளுக்குப் பதறுது. அவள் காலில் கிடக்கிற இரும்பு வைத்த பூட்ஸைப் பார்த்து எனக்குப் பதறுது. "யூ ரிமூவ்! பவுடர்! பையர்!" என்று நானும் கத்தினேன். அவள் என் காலைக் காப்பாற்றப் பார்க்கிறாள், நான் அவள் உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறேன்.

கணேசன் ஓடி வந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மதிலோரம் ஒழுங்காக இருந்த செருப்பைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசக்கணக்கில் வராத சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்கு விளக்கினான். "எங்கம்மாவோட ஊர்ல பூட்ஸ் போட்டா சாவு. இங்க போடாட்டா காலு போயிரும். அவுக கவனமாத்தான் இருக்காக, ஊருதான் வேற." இங்கிலீசில்தான் சொன்னான். அப்புறம் என்னிடம் தமிழில் சொன்னான்.

ஹெலன் சிரிக்கவில்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தாள். என் காலில் குத்தியிருந்த கல்லைத் தட்டிவிட்டு, பூட்ஸை மாட்டி, கயிற்றை முடிந்துவிட்டாள். யாரும் என் காலைத் தொட நான் விடுகிறவள் இல்லை. அன்று விட்டேன்.

"ஆச்சி, பட்டுச்சேலைக்கு பூட்ஸ் சூப்பர்" என்று கீர்த்தி போட்டோ எடுத்தாள். "ஏ புள்ளை, ஊருக்கு அனுப்பிறாத" என்றேன். அதுக்குள் அனுப்பிவிட்டாள்.

கண்ட்ரோல் ரூமில் நிறையப் பேர். கேக் வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை. பீட்டர் என்று ஒரு நரைத்த மனுசர், கணேசனுக்கு மேலே உள்ளவர், எனக்கு நாற்காலி போட்டார். காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கடைசி மிசினைக் கடைசியாக நிறுத்துகிற கை கணேசன் கை. அவன் ஷிப்டில் அது வந்தது, அவ்வளவுதான். பீட்டர் அவன் தோளில் கையை வைத்தார். அவன் பொத்தானை அமுக்கினான்.

தரைக்கு அடியில் ஒரு அதிர்வு இருந்துகொண்டே இருந்தது. அது இருந்தது என்பதே அது அடங்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மெதுவாக, மெதுவாக இறங்கி, நின்றது.

மிசின் சத்தம் நின்றால் என்ன சொல்லிப் பழகினேனோ அதைச் சொல்லிவிட்டேன், சத்தமாக.

"கரண்டு போயிருச்சு."

எல்லாரும் திரும்பினார்கள். நான் மேலே பார்த்தேன். லைட் எரிந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஓரத்தில் டீத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏலே கணேசா, லைட்டு எரியுதே?"

அவனும் மேலே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வேற எடத்துல இருந்து வருதும்மா."

"நீங்க நிப்பாட்டுனதும் அதுக்குத் தெரியலையா?"

"மினுக்குனுகூட இல்லைம்மா" என்றான்.

நான் கேட்டதைப் பீட்டர் அவனிடம் இங்கிலீசில் கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டு அவரும் மேலே பார்த்தார். அப்புறம் அங்கிருந்த ஒவ்வொருத்தராக. அழுதவர்கள் அப்போதுதான் அழுதார்கள். கீர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் அப்பன் முதுகில் மூஞ்சியை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான்.

7

மீனாவும் கீர்த்தியும் காருக்கு முன்னால் போனார்கள். எனக்கு அந்தப் பூட்ஸோடு நடக்க நேரமானது. கணேசன் என் கூடவே நடந்தான்.

"சொல்லுங்கம்மா. தூத்துக்குடிக்குப் போவமா?"

"நீ போகணும்ங்குறியா?"

"அங்கன ஆள் தேவைம்மா. சாயங்காலம் ஆனா நம்ம ஊருக்குக் கரி வேணும். இன்னும் பல வருசம் வேணும். இங்கன மாதிரி அங்கன மூட முடியாது."

"அது நெசம்தான். மூடுனா சுந்தரம் பொழப்பு என்னாகுறது? நான் அதைக் கேக்கலை. நீ போகணும்ங்குறியா?"

"நீங்க வந்தா போறேன்."

நான் நின்றுவிட்டேன். "கணேசா, எனக்குப் போகணும். நெதமும் படுக்கும்போது திருத்தங்கல்லதான் படுக்கேன். நீ வாங்கன்னா இப்பவே இந்தப் பூட்ஸோட ஏறிருவேன். ஆனா நான் வர்றேன்னு நீ போகக் கூடாது. நாளைக்கு அந்தப் புள்ளை வளந்து 'அப்பா ஏன் போனாரு'ன்னு கேட்டா, 'ஆச்சிக்காக'ன்னு மீனா சொல்லுவா. நான் யாருக்கும் சாக்கா இருந்தவ இல்லை. நீ கரிக்காகப் போறதா இருந்தா, 'எனக்குக் கரி வேணும், நான் போறேன்'னு சொல்லு. நான் மூட்டையைக் கெட்டிருதேன்."

திரும்பிப் புகைக்கூண்டைப் பார்த்தான். மிச்சப் புகை கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது.

"வேணும்தான்" என்றான். "ஆனா அங்கனயும் ஒரு நாள் வரும்மா. சீக்கிரம் வராது, ஆனா வரும். இன்னொரு வாட்டி ஒரு ரூம்ல நின்னு, நான் நிப்பாட்டுனதுக்கப்புறமும் எரியிற லைட்டைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை."

"அப்ப?"

"அந்த லைட்டு எங்கன இருந்து வருதோ, அங்கன போய் நிக்கிறேன்."

"சரி" என்றேன். வேற என்ன சொல்ல? வண்டியில் வரும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரோட்டோரம் மாடு மேய்ந்தது. நல்ல மாடு.

இப்போது அதே நிலையத்து இடத்தில், ஒரு மூலையில், பெரிய பெரிய பெட்டிகளாகப் பேட்டரி வைத்திருக்கிறார்கள். கரண்டைக் கொண்டுபோகிற கம்பி ஏற்கெனவே அங்கே இருக்கிறதல்லவா, அதனால். பகல் வெயிலைப் பிடித்து வைத்துச் சாயங்காலம் விடுகிற வேலை. கணேசன் அதில் சேர்ந்திருக்கிறான், புது ஆளாக, கீழ்ப்படியிலிருந்து. அவனுக்கு மேலே இருக்கிறது மீனாவை விடச் சின்னப் பிள்ளை. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். "சத்தமே இல்லைம்மா. ஓடுதா இல்லையான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்போல இருக்கு" என்று குறைப்படுகிறான். பீட்டர் வேலைக்குப் போகவில்லை, மீன் பிடிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியின் மகனுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. எல்லாருக்கும் நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

8

சுந்தரத்துக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கணேசன் பேசுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். என் வீடு, என் தம்பி.

"சுந்தரம், நாங்க வரலைப்பா."

"இந்த மாசம் வரலையா?"

"வரலைப்பா."

அந்தப் பக்கம் அவன் பட்டாசு கம்பெனிப் பெண்கள் பேசுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

"அப்ப நான் வெள்ளை அடிச்சது, மோட்டார் மாத்துனது, கட்டிலைத் தூக்குறேன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டது, எல்லாம் யாருக்கு?"

"சத்தம் போடாத. ஒன் கம்பெனி ஆளுக கேப்பாக."

"கேக்கட்டுமே. எங்கக்காவுக்கு பூட்ஸு கெடச்சிருச்சு, இனிமே மண்ணை மிதிக்க மாட்டாகன்னு சொல்றேன். போட்டோதான் இங்கன எல்லாரும் பாத்தாச்சே."

"ஏசி முடிச்சிட்டியா?"

"இல்லை." அங்கே யாரையோ ஒரு அதட்டு அதட்டிவிட்டு, "முடிச்சிட்டேன்" என்றான். அவனுக்கும் வயசு ஆகிறது. அக்கா பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அவனுக்கும் இருந்திருக்கும். நான் என் ஆசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டைச் சும்மா பூட்டி வைக்காத, சுந்தரம். வெள்ளை அடிச்ச வீடு. யாருக்காவது வாடகைக்கு விடு."

"ஒரு குடும்பம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. புருசன் பொண்டாட்டி, ஒரு கைப்புள்ளை. அவன் சோலார் கம்பெனில வேலை பாக்கான். நீங்க வர்றீகன்னு இல்லைன்னு சொல்லிட்டேன்."

"இருக்குன்னு சொல்லு."

"கட்டிலு?"

"கெடக்கட்டும். கைப்புள்ளைக்காரி படுத்துக்குவா."

"சரிக்கா." பிறகு வேலைப் பேச்சுக்கு வந்துவிட்டான். அவனுக்கு அதுதான் சுலபம். "அப்ப வீட்டுத் தீர்வையை ஒங்க பேர்லயே கட்டிருதேன். கரண்டு மீட்டர் இன்னும் அத்தான் பேர்லயே இருக்கு. மனு எழுதிக் குடுத்தா ஒங்க பேருக்கோ மருமகன் பேருக்கோ மாத்திருவாக. மாத்திருவமா?"

"வேண்டாம்."

"இல்லைக்கா, ஆள் போயி எம்புட்டு வருசமாச்சு. பின்னாடி தொந்தரவு வரக்கூடாதுல்ல?"

"தொந்தரவு வந்தா வரட்டும். அது அவுக பேர்லயே இருக்கட்டும்."

எங்க வீட்டுக்காரக பேரை நான் வாயால் சொன்னதில்லை. இத்தனை பக்கத்திலும் எழுதவில்லை, பார்த்திருப்பீர்கள். மீட்டர் பெட்டிக்குள் சொருகி வைத்திருக்கிற அட்டையில் அது இருக்கிறது. அந்த வீட்டில் யார் விளக்கைப் போட்டாலும் அவுக பேரில்தான் எரியும்.